மதுசாரத்தில் சிவப்பு நிற்காது

கொக்குவில்
12.06.2005

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மாமியின் முழங்கால் நோ மட்டும் மாரியோடு வந்து கோடையிலும் போகாமல் நிற்கிறது. உங்கள் இருமல் நின்றதா? போனில் கேட்டால் "அது ஒண்டுமில்லை" என்று முடித்துவிடுவீர்கள். கொமினிகேசன் கடைக்காரரும் பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் கடிதம். எழுதும்போது பொய் சொல்லக் கை கொஞ்சம் கூசும்.

இதைக் கொண்டுவருகிறவர் பத்மநாதன் அண்ணை. எங்கள் ஒழுங்கைக்காரர், லீவில் வந்து லண்டன் திரும்புகிறார். அவரிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். மிளகாய்த்தூள், புழுக்கொடியல், ஒரு கோர்வை பனங்கட்டிக் குட்டான். பளையில் நான் சிலந்தி பிடிக்கப் போகிற பனந்தோப்புக்குப் பக்கத்து வீட்டு அம்மா அந்த ஓலைக் குட்டான்களை என் கண்ணுக்கு முன்னாலேயே இழைத்துத் தந்தா.

இனி என் விசயம். எங்கள் சீப்புக்காலியை ஞாபகம் இருக்கிறதா? கடுகளவு உடம்பு, பின்னங்கால் நுனியில் சீப்புப் பல்லைப் போல மயிர் வரிசை, காய்ந்த பனையோலை மடிப்புக்குள் தலைகீழாகத் தொங்குகிற அதே சிலந்திதான். நீங்கள் போன பிறகும் நான் அதன் பின்னால்தான் திரிகிறேன். குடாநாட்டில் பனை நிற்கிற இடமெல்லாம் இருக்கிறது. வவுனியாவுக்கு அங்கால் ஒன்றுகூட இல்லை. அதன் இயற்கைப் பரம்பல் இவ்வளவுதான், இது இன்னும் பெயரிடாத புது இனம் என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதிக் கிருஷ்ணமூர்த்தி சேரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கேட்டார்: "நூறு வரியத்துக்கு முன்னம் யாழ்ப்பாணத்திலை ஒரு வெள்ளைக்காரன் பிடிச்ச சிலந்தி ஒண்டு லண்டன் மியூசியத்திலை மதுசாரத்துக்கை கிடக்குது. உம்மடையும் அதுவும் ஒண்டோ வேறையோ எண்டு பாக்காமல் புதுசு எண்டு எப்பிடிப் பிள்ளை எழுதுறது?"

நியாயமான கேள்வி. கெடாமல் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடக்கிற அந்தப் பழைய பெண் சிலந்தியின் வயிற்றடித் தட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒருவர் வரைந்து அனுப்ப வேண்டும். அந்தத் தட்டின் கோடுதான் தீர்ப்பு. கம்பஸில் உங்களைப் போலச் சிலந்தி வரைந்தவர் ஒருவரும் இல்லை. நான் மயங்கினதே அந்தக் கையைப் பார்த்துத்தான், மூஞ்சியைப் பார்த்து இல்லை. வருகிற சித்திரைக்குள் கிடைத்தால் போதும்.

உங்கள் விசா எந்த மட்டில் நிற்கிறது? "துளசி எப்ப பறக்கிறா" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் மாமியின் ஆடு மட்டும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
துளசி


ஸ்ட்ரெதம், லண்டன்
17.07.2005

அன்பின் துளசி,

நான் சுகம். இருமல் என்னை விட்டுச் சண்முகராசாவிடம் போய்விட்டது. ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தால் எதுவும் தனிச்சொத்து இல்லை. நீங்கள் எல்லாரும் நலம் என்று அறிந்து ஆறுதல். என் அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் போட மறக்க வேண்டாம்.

பத்மநாதன் அண்ணை பார்சலோடு வந்தார். வழியில் இரண்டு தரம் பொலிஸ் பையைத் திறந்ததாம். போன கிழமை ரெயினில் குண்டு வெடித்ததிலிருந்து, எங்கள் நிறத்தில் ஒருவர் தோளில் பையோடு நின்றால் போதும். "மிளகாய்த்தூளை மோந்து பாத்தவன் தம்பி, பிறகு தும்மினபடி போயிட்டான்" என்று சிரித்தார்.

பனங்கட்டி முடிந்துவிட்டது. ஓலையை எறிய மனம் வரவில்லை. கோர்வையை அப்படியே ஹீற்றருக்கு மேலே சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். "இதென்ன அண்ணை, கோயில் தோரணமோ?" என்று சண்முகராசா கேட்கிறான்.

மியூசியம் பெரிய காரியமில்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். கட்டாயம் போவேன். சீப்புக்காலியை மறக்க ஏலுமா? உம்மோடு கதைக்கிற சாட்டுக்கு எத்தனை பேருடைய வேலியில் ஓலை பிரித்து ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

அகதிக் கேஸ் நல்லபடி போகிறது என்று லோயர் சொல்லுகிறார். விசா கைக்கு வந்ததும் உம்மைக் கூப்பிடுகிற அலுவல்தான். கேட்கிறவர்களுக்குத் தை மாதம் என்று சொல்லும்.

ஒன்று சொல்ல மறந்தேன். கடிதத்தைச் சண்முகராசாவின் பெயருக்கே போடும். லண்டன் தபால்காரனுக்கு என் பெயர் வாயில் நுழையாது.

உமது நினைவோடு,
கமலநாதன்


கொக்குவில்
28.08.2005

என் அன்புக்குரிய உங்களுக்கு,

எல்லாரும் சுகம். சண்முகராசாவின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். கமலநாதன் நுழையாத வாயில் சண்முகராசா எப்படி நுழைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னபடியே விலாசம் எழுதியிருக்கிறேன்.

என் சிலந்தியின் தட்டை நான் வரைந்து வைத்திருக்கிறேன். அதை உங்களுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பினால் உங்கள் கை என் பக்கம் சாய்ந்துவிடும். மியூசியத்தில் கிடப்பதை மட்டும் பார்த்து, பார்த்ததை மட்டும் வரையுங்கள். இரண்டையும் நான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மதுசாரத்தில் கிடக்கிற சிலந்தியை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் காட்டித் தந்ததே நீங்கள்தான். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தை மாதம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சூட்கேசைத் தட்டின் மேலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறா.

பதிலைப் பிந்த விடாதீர்கள்,
துளசி


ஸ்ட்ரெதம்
23.10.2005

அன்பின் துளசி,

உமது கடிதம் கிடைத்துக் கன நாள். பதில் பிந்திப் போனது, கோபம் வேண்டாம். சுகத்துக்குக் குறைவில்லை. இங்கே குளிர் தொடங்கி ஹீற்றரும் போட்டாயிற்று.

மியூசியப் பக்கம் ஒரு நாள் போனேன். சனங்களுக்குக் காட்டுகிற சாமான் வேறு, ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிற சாமான் வேறாம். அதைப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டால்தான் விடுவார்களாம். கேட்க வேண்டும். கடை முதலாளி ஜீவரத்தினம் அண்ணை என் ஷிப்டை மாற்றி மாற்றிப் போடுகிறார். விடிய வேலை என்றால் பின்னேரம் நித்திரை, பின்னேரம் வேலை என்றால் விடிய நித்திரை. இந்த ஊரில் வெளிச்சத்தைக் கண்டே ஒரு மாதம்.

அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். வெய்யிலில் அலைந்து திரியாதேயும்.

அன்புடன்,
கமலநாதன்


கொக்குவில்
20.11.2005

உங்களுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். விசா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. சரி, அதை விடுவோம். யாழ்ப்பாணத்து வெக்கையில் போர்ப்பதற்குக் கம்பளிச் சால்வை வாங்கின மனுசனோடு நான் என்ன கதைக்கிறது?

மியூசியத்துக்கு நானே எழுதிவிட்டேன். எட்வேட் என்று ஒரு பெரியவர் பதில் போட்டிருக்கிறார். சிலந்திப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போதும் சும்மா வந்து உதவுகிறாராம். நல்ல மரியாதையான எழுத்து. தை பதினெட்டாம் திகதி, 18.01.2006 காலை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். மேசை, நுணுக்குக்காட்டி எல்லாம் ஆயத்தமாக இருக்குமாம். வாசலில் பாஸ்போட்டைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். வேறொன்றும் தேவையில்லை.

இது எனக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வேறு இனம் என்றால் அதற்குப் பெயர் வைக்கிற உரிமை என்னுடையது. அதே இனம் என்றால் அத்தியாயத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். தெரியாமல் இருக்கிறதுதான் ஏலாது.

ஒரு நாள். எனக்காக ஒரே ஒரு நாள்.

துளசி


ஸ்ட்ரெதம்
29.01.2006

அன்பின் துளசி,

பொங்கல் நல்லபடி நடந்திருக்கும். இங்கே நாங்கள் மைக்ரோவேவில் பொங்கினோம். பொங்கி வழிந்தது கிழக்கோ மேற்கோ என்று பார்க்க வழியில்லை. சுகத்துக்குக் குறைவில்லை.

போன கிழமை மியூசிய அலுவல் முடிந்தது. படம் இதோடு இருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருந்தது. கை கொஞ்சம் பழக்கம் விட்டுப் போயிற்று, ஆனால் தட்டின் கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். உடம்பையும் வரைந்திருக்கிறேன். மங்கல் மஞ்சள் வயிறு, இரண்டு பக்கத்திலும் செங்கல் நிறத்தில் ஒவ்வொரு புள்ளி, கால் மூட்டில் கறுப்பு. சீப்பு மயிர் நன்றாகவே தெரிகிறது. எனக்கென்றால் எங்கள் சீப்புக்காலியைப் போலத்தான் படுகிறது. நீரே ஒப்பிட்டுப் பாரும்.

அதே இனம் என்று வந்தாலும் மனம் உடைந்து போகாதேயும். அத்தியாயம் போனால் என்ன, நீர் இருக்கிறீர்.

விசா விசயம் இழுபடுகிறது. இந்த நாட்டில் எல்லாம் இழுவைதான். பங்குனிக்குள் ஒரு முடிவு வரும்.

எப்போதும் உமது,
கமலநாதன்


கொக்குவில்
05.03.2006

உங்களுக்கு,

படம் வந்தது. நன்றி. உங்கள் கை பழக்கம் விட்டுப் போகவில்லை.

சீப்புக்காலி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். சேரிடமும் சொல்லியாயிற்று.

இங்கே நிலைமை சரியில்லை. சந்திக்குச் சந்தி ஆமி. பளைக்குப் போகிற பாதை எந்த நாளும் பூட்டலாம் என்று கதை. மாமி நடக்கிறா. எல்லாரும் சுகம்.

துளசி


ஸ்ட்ரெதம்
02.04.2006

அன்பின் துளசி,

உமது சுகத்தை ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதத்தில் எப்படி அறிவது? சுகம் என்று எழுதியிருக்கிறீர். எழுத்து அப்படிச் சொல்லவில்லை.

அத்தியாயத்தை ஏன் எடுத்தீர்? அதே இனம் என்று வந்துவிட்டதா? அப்படியென்றால் ஒரு சொல் எழுதக் கூடாதா? நான்தான் கெட்ட செய்தி அனுப்பினேன் என்று கோபமா? கோபமென்றால் ஏசி எழுதும். உம்முடைய ஏச்சு இல்லாத கடிதம் உப்பில்லாத சொதி.

நீர் இந்த முறை விசாவைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இங்கே சொல்ல ஒன்றுமில்லை. அறையில் ஹீற்றருக்குப் பின்னால் சின்னச் சின்னச் சிலந்திகள் பெருகி, சண்முகராசா தூசி உறிஞ்சுகிற ஹூவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாவம் விடடா, அதுகளும் வாடகை குடுக்காமல் இருக்கிற ஆக்கள்தான்" என்று தடுத்துவிட்டேன்.

வருசப் பிறப்புக்கு ஒரு சீலை வாங்கிக் கட்டும். இரண்டு வரியாவது எழுதும்.

உமது பதிலைப் பார்த்திருக்கும்,
கமலநாதன்


கொக்குவில்
07.05.2006

உங்களுக்கு,

சுகம் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு மறைக்காமல் சொல்லுகிறேன். சுகமில்லை.

நூறு வருடம் மதுசாரத்தில் கிடந்த சிலந்தியில் செங்கல் நிறப் புள்ளி இருக்காது. முதலில் கரைந்து போகிற நிறம் அதுதான். இதை எனக்குச் சொல்லித் தந்தது யார்? இரண்டாம் வருடப் பிரக்ரிக்கலில் பக்கத்தில் வந்து நின்று, "மதுசாரத்திலை சிவப்பு நிக்காது துளசி, உயிரோடை இருக்கேக்கையே பாத்து எழுதி வையும்" என்று சொன்னது யார்? நான் எழுதி வைத்தேன். நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

படத்தைப் பிரித்த அன்றே கண்டுகொண்டேன். நீங்கள் பார்த்து வரைந்தது உயிரோடு ஓடித் திரிந்த ஒன்று. தட்டின் கோடு என் படத்தோடு மயிரளவும் பிசகவில்லை. அது என் சீப்புக்காலியேதான். பளைச் சிலந்தி ஸ்ட்ரெதமுக்கு எப்படிப் போனது என்று எத்தனையோ நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஓலையை எறிய மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டான் மடிப்புக்குள் முட்டைப் பை இருந்திருக்கிறது. நானே கட்டி அனுப்பியிருக்கிறேன். ஹீற்றர் சூட்டில் அவை பொரித்துவிட்டன.

இயற்கைப் பரம்பல் என்றால் ஒரு உயிர் தானாகப் போய், தானாகப் பெருகி நிலைக்கிற இடம். யாரோ தூக்கிக்கொண்டு போய் விட்டது கணக்கில் இல்லை. ஆகவே பரம்பலைப் பற்றி என் அத்தியாயத்தில் ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனால் புது இனம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. சேரிடம் உங்கள் படத்தைக் காட்டவில்லை. அவர் நம்பினால், என் சிலந்தி நூறு வருடத்துக்கு முன்னமே பெயர் வைத்தது என்று முடிந்துபோகும். நம்பாவிட்டால் என் புருசன் பொய்யன். இரண்டுக்கும் எனக்கு மனமில்லை. "ஆதாரம் கிடைக்கேல்லை சேர், அத்தியாயத்தை எடுக்கிறன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி நான் கேட்கிறேன். மியூசிய வாசலில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு சாமான். அது உங்களிடம் இல்லை. விசாவும் இல்லை. அப்படித்தானே?

சிலந்திக்காக நான் கொதிக்கவில்லை. ஊராருக்குச் சொல்லுகிற பதிலையே எனக்கும் சொன்னீர்களே, அதுதான். அம்மா இறக்கி வைத்த சூட்கேசை ஒவ்வொரு நாளும் தாண்டித் தாண்டி நடந்தவள் நான்.

உள்ளதை எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

துளசி


ஸ்ட்ரெதம்
06.08.2006

அன்பின் துளசி,

சுகம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீர் எப்படி இருக்கிறீர்?

இந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம் எடுத்துவிட்டேன். வெறுங்கையோடு எழுத விருப்பமில்லை. முதலில் உமக்கு வேண்டியதைச் சொல்லுகிறேன். பழைய சிலந்தி வேறு, உமது சிலந்தி வேறு. பழையதின் தட்டில் நடுவே ஒரே ஒரு குழி. சீப்புக்காலிக்கு இரண்டு. உம்முடையது புது இனம், துளசி. அத்தியாயத்தைத் திரும்பப் போடும்.

இதை நான் எப்படி அறிந்தேன் என்று கேட்பீர். மியூசியத்துக்குத் திரும்பப் போய், எட்வேட்டைக் கூப்பிடச் சொல்லி வாசலிலேயே நின்றேன். மெலிந்த மனிதர், காதில் மெசின். "நான் துளசியின்ரை புருசன். தையிலை வராமல் விட்டவன். என்னட்டைப் பாஸ்போட் இல்லை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். விதியைத் தன்னால் மாற்ற முடியாது, ஆனால் போத்தலைத் திறக்கத் தனக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்றார். அடுத்த கிழமை வெளியே ஒரு ரீக்கடையில் வந்து இருந்து, தானே வரைந்த படத்தைத் தந்தார். அதுதான் இதோடு வருகிறது. அவருடைய கோடு என்னுடையதைவிடக் கோணல். ஆனால் அவர் பார்த்ததை வரைந்திருக்கிறார்.

இனி மற்றது. தை பதினெட்டு நான் போகாமல் இல்லை. மேசையில் இருந்த பிள்ளை பாஸ்போட் கேட்டது. மற்றப் பையில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அறைக்கு வந்தபோது ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கியது. லண்டன் வீட்டுச் சிலந்தி, எங்கள் சீப்புக்காலியின் ஒன்றுவிட்ட தங்கச்சியாக்கும் என்று நினைத்தேன். ஒரு படம்தானே என்றும் நினைத்தேன். அது உமது வேலையைத் தின்னும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். சிலந்தி தெரிந்தவன்தானே நான்.

கேஸ் பத்மநாதன் அண்ணை பார்சல் கொண்டுவர முன்னமே தோற்றுவிட்டது. மார்கழியில் அப்பீலும் போயிற்று. உம்முடைய நாட்டில் யுத்த நிறுத்தம் இருக்கிறது, பயமில்லாமல் திரும்பிப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். கடையில் என்னைச் சண்முகராசா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுடைய பெயரில்தான் வேலை செய்கிறேன். யாராவது கமலநாதன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இப்போது கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

வைகாசியில் ஹீற்றரை நிறுத்தினார்கள். சிலந்திகள் ஒவ்வொன்றாய் விழத் தொடங்கின. உமது கடிதம் வந்தபோது நாலு பெண்தான் மிச்சம். அவற்றை எட்வேட்டிடம் கொடுத்தேன். மதுசாரத்தில் போட்டு, வெளியே உமது பெயர் எழுதி, பழைய சிலந்திக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறார். போத்தலுக்குள் போடுகிற விபரத் துண்டில் என்ன எழுதுவது என்று உம்மைக் கேட்கச் சொன்னார். அவை மியூசியத்துக்கு உள்ளே போய்விட்டன. அவற்றிடம் ஒருவரும் பாஸ்போட் கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு போனது கணக்கில் இல்லை என்று எழுதியிருந்தீர். என்னையும் ஏஜென்சிக்காரன் தூக்கிக்கொண்டுதான் வந்தான். நானாகவே ஊருக்குத் திரும்பி வர இமிகிரேசனில் கையெழுத்து வைத்துவிட்டேன். புரட்டாதிக்குள் வருவேன். வந்து உமக்கு முன்னால் நிற்கிறேன். ஏச வேண்டியதை நேரே ஏசும்.

கமலநாதன்


கொக்குவில்
21.01.2007

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் அம்மாவும் மாமியும் இருக்கிறோம். இப்போது இங்கே சுகம் என்றால் அதுதான்.

ஆவணியில் நீங்கள் எழுதின கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் கையில் கிடைத்தது. நீங்கள் தபாலில் போட்ட கிழமையே சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டியாயிற்று. பிறகு எல்லாம் கப்பலில்தான், அரிசிக்குத்தான் முதல் இடம், கடிதத்துக்கு இல்லை. இடையில் போன் வேலை செய்த ஒரே ஒரு நாளும் "இருக்கிறீரோ", "இருக்கிறம்" என்பதோடு போயிற்று. "சீப்புக்காலி" என்று ஏதோ தொடங்கினீர்கள். லைன் அறுந்துவிட்டது. அடுத்த சொல் என்ன என்று ஐந்து மாதம் யோசித்தேன்.

ஆய்வேட்டை ஆனியிலேயே கட்டிக் கொடுத்தாயிற்று. அந்த அத்தியாயம் இல்லாமல்தான். அதுகூடப் பரவாயில்லை. புது இனம் என்றால் பிறகும் ஒரு கட்டுரையாக எழுதலாம். எட்வேட்டின் படத்தை எடுத்துக்கொண்டு கம்பஸுக்கு ஓடினேன். மாதக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த அறை. மதுசாரம் வற்றிப் போய், என் போத்தல்களில் இருந்ததெல்லாம் காய்ந்து தூளாகக் கிடந்தது. ஒன்றின் காலைக்கூட முழுதாக எடுக்க ஏலவில்லை. புதிதாகப் பிடிக்கலாம் என்றால், பளையில் இப்போது பீரங்கிச் செல் விழுகிறது. குட்டான் இழைத்துத் தந்த அம்மா எந்தப் பக்கம் ஓடினா என்று ஒருவருக்கும் தெரியாது. மற்ற இடங்களிலும் தோப்புக்குள் இறங்க ஆமி விடாது. சேர் போத்தல்களைப் பார்த்தார். "எங்கையாவது ஒண்டு மிச்சம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். லண்டனில் நாலு.

வரவேண்டாம். சண்டையைக் கேட்டு நீங்கள் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருப்பதாகப் பத்மநாதன் அண்ணை வீட்டில் சொன்னார்கள். அப்படியே நிற்கட்டும். வந்தால் கொழும்புக்கு இங்கால் உங்களால் வர ஏலாது. கொழும்பில் உங்கள் வயதுக்காரர் படுகிற பாடு தெரியும். இங்கே சந்தியில் காலையில் எடுக்கிற சவங்களுக்கும் அந்த வயதுதான். உங்களிடம் எப்போது வருவேன் என்று கேட்டுக் கேட்டு எழுதினவள் இப்போது நீங்கள் வராதீர்கள் என்று எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சுக்குள் வைத்திருக்க ஏலவில்லை. ஆவணியில் எழுதின இந்த உண்மையை அதற்கு முந்தின ஆவணியில் எழுதியிருந்தால் பாதை திறந்திருந்தது. விசா இல்லாட்டில் என்ன, வாங்கோ என்று சொல்லியிருப்பேன். நாங்கள் ஓலை பிரித்துக்கொண்டு திரிந்திருப்போம்.

ஏச வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் முன்னால் நிற்காமல் ஏச்சு வருகுதில்லை.

எட்வேட்டிடம் போங்கள். போத்தலுக்குள் போடுகிற துண்டில் என்ன எழுதுவது என்று அவர் கேட்டிருக்கிறார். பிடித்த இடம் பளை என்று போட எனக்கு ஆசை. ஆனால் அந்த நாலும் பளையில் பிடித்தவை அல்ல, ஆகவே அப்படிப் போடக் கூடாது. இடம்: லண்டன், ஸ்ட்ரெதம், ஒரு அறையில் ஹீற்றருக்குப் பின்னால். அதற்குக் கீழே: பனையோலைக் குட்டானில் கொண்டுவரப்பட்டது, இங்கே நிலைக்கவில்லை. செங்கல் நிறப் புள்ளி இருந்தது என்றும் எழுதச் சொல்லுங்கள். இனி அது தெரியாது. கண்டவர் நீங்கள் ஒருவர்தான்.

பிடித்தவர் என்கிற இடத்தில் சண்முகராசா என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் சொந்தப் பெயரை முழுதாக எழுதுங்கள். அந்த ஊரில் ஒரு போத்தலிலாவது அது கிடக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

துளசி